தொலைநோக்கிக்கு ஒரு சூட்டுப் பட்டை: வேலூர்ப் பனியில் நான்கு மாதங்கள்

காட்பாடியில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியிலும், ஆலங்காயத்துக்கு அருகே ஜவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள என் மாமாவின் நிலத்திலும் 8 அங்குல ஷ்மிட்–காசெக்ரெய்ன் தொலைநோக்கி ஒன்றை ஐந்து ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இந்த வகைத் தொலைநோக்கியில் குழலின் வாய்ப்பகுதியிலேயே ஒரு மெல்லிய திருத்துக் கண்ணாடி பொருத்தப்பட்டிருக்கும். நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் முதன்மை ஆடி குழலின் அடியில் பத்திரமாகக் கிடப்பதைப் போல இங்கே எந்த மறைப்பும் இல்லை. கண்ணாடி வானத்தைப் பார்த்துக்கொண்டு திறந்தே இருக்கிறது. ஆகவே மார்கழி, தை மாதங்களில், வானம் ஆண்டிலேயே மிகத் தெளிவாக இருக்கும் நாட்களில், இரவு பத்தரை மணிக்கெல்லாம் அந்தக் கண்ணாடியின் மேல் பனி படர்ந்து வேலை நின்றுவிடும். நான்கு ஆண்டுகள் இதைத் தலைவிதியாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். கடந்த கார்த்திகையில்தான் டியூ ஹீட்டர் என்று விற்கப்படும் சூட்டுப் பட்டை ஒன்றை இணையவழியில் வாங்கினேன். மார்கழியிலிருந்து பங்குனி வரை பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

பட்டையின் வணிகப் பெயரை எழுதப்போவதில்லை. கறுப்புத் துணி உறை, ஒரு முனையில் வெல்க்ரோ, மறுமுனையில் யூஎஸ்பி கம்பி, நடுவே மூன்று நிலைகள் கொண்ட சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி என்று ஏறத்தாழ ஒரே உருவத்தில் இருக்கும் சரக்கு பல பெயர்களில் விற்கப்படுகிறது. மேலும் எனக்கு வந்த பட்டையில் ஒரு குறை நேர்ந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். ஒருவருக்கு வந்த ஒற்றைப் பட்டையை வைத்து ஒரு நிறுவனத்தைப் பழிப்பதும் முறையாகாது. நான் வாங்கியது 8 அங்குலத் தொலைநோக்கி வரைக்கும் என்று குறிக்கப்பட்டது. நீளம் 78 சென்டிமீட்டர், அகலம் 5 சென்டிமீட்டர். அஞ்சல் செலவு சேர்த்து ஏறத்தாழ 1,800 ரூபாய் ஆயிற்று.

பட்டையின் தரத்தைப் பேசுவதற்கு முன் அது எதை எதிர்த்து வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என் புகாரும் பாராட்டும் புரியாது. நம் பேச்சில் பனி ‘பெய்கிறது’, ‘விழுகிறது’, ‘இறங்குகிறது’. பனி விழும் நேரம், தலையில் துணி போட்டுக்கொள் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்தச் சொற்களை நம்பித்தான் முதல் ஆண்டு தொலைநோக்கியைப் பனியிலிருந்து ‘மறைக்க’ முயன்றுகொண்டிருந்தேன். உண்மையில் பனி மேலிருந்து விழுவதில்லை. தெளிந்த இரவில் வானத்தைப் பார்த்திருக்கும் எந்தப் பரப்பும் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக மேலே இழந்துகொண்டே இருக்கும். வானம் அதே அளவு வெப்பத்தைத் திருப்பித் தருவதில்லை. அதனால் கண்ணாடி, பைக்கின் இருக்கை, தகரக் கூரை ஆகியவை சுற்றியுள்ள காற்றைவிடவும் சில பாகைகள் குளிர்ந்துபோகின்றன. அப்படிக் குளிர்ந்த பரப்பின் வெப்பநிலை காற்றின் பனிப்புள்ளிக்கு, அதாவது நீராவி நீராகத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே போனதும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றிலுள்ள நீராவி அங்கேயே நீராகப் படிகிறது. காற்று 19 பாகை செல்சியசிலும் ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காட்டிலும் இருந்தால் பனிப்புள்ளி ஏறத்தாழ 17 பாகை. கண்ணாடி காற்றைவிட இரண்டு பாகை குளிர்ந்தாலே போதும், படலம் தொடங்கிவிடும்.

காணும் பொங்கலன்று, அதாவது 2026 ஜனவரி 17 இரவு, தை அமாவாசைக்கு முந்தைய இருட்டில், ஆலங்காயத்து நிலத்தில் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது மாமா வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் சுற்றிவந்துவிட்டு, “பனி மேலேருந்து கொட்டுது, நீ பக்கவாட்டுல சுத்திக் கட்டறியே, அது எப்படிடா நிக்கும்?” என்று கேட்டார். அவருடைய பைக் புளியமரத்தின் அடியில் நின்றது; என்னுடையது களத்து நடுவில் நின்றது. என் வண்டியின் இருக்கையில் கை வைத்தால் தண்ணீர் ஒட்டியது, அவருடையது காய்ந்திருந்தது. “மரம் பனியைத் தாங்கிடுச்சு” என்றார். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியை எடுத்தேன். காய்ச்சல் பார்க்கும் முறையிலிருந்து பொருள்களின் வெப்பநிலை காட்டும் முறைக்கு அதை மாற்றிக்கொள்ள முடியும். மரத்தின் கிளைகளை நோக்கிக் காட்டியபோது 18 என்றது. தலைக்கு மேல் இருந்த வெறும் வானத்தை நோக்கிக் காட்டியபோது அளவுக்குக் கீழே போய் ‘லோ’ என்று மட்டும் காட்டியது. மரத்தடியில் நின்ற வண்டி 18 பாகையில் உள்ள ஒரு கூரையைப் பார்த்திருந்தது. என் வண்டி உறைநிலைக்கும் கீழே தோன்றும் ஒரு வானத்தைப் பார்த்திருந்தது. மாமா கருவியை வாங்கி நான்கைந்து முறை மேலும் கீழும் காட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப உன் குழாயையும் மரத்தடியிலயே வச்சுக்கோயேன்” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அந்த ஆலோசனையில் தவறே இல்லை. வியாழன் கோள் தெரியாது என்பதுதான் ஒரே இடைஞ்சல். ஆனால் தொலைநோக்கிக்கு மட்டும் ஒரு சிறிய மரத்தடியை உண்டாக்க முடியும். டியூ ஷீல்டு என்று சொல்லப்படும் முகப்புக் குழல் செய்வது அதைத்தான். கண்ணாடிக்கு முன்னால் அதன் விட்டத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீளத்துக்கு ஒரு வெற்றுக் குழல் நீண்டிருந்தால், கண்ணாடியின் நடுவிலிருந்து பார்க்கையில் தலைக்கு மேலே ஒரு சிறு வட்ட வானம் மட்டுமே தெரியும். ஒன்றரை மடங்கு நீளத்துக்குக் கணக்குப் போட்டால், திறந்த வானத்துக்கு நேராகப் போகும் வெப்ப இழப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. மீதிப் பங்கு குழலின் உட்சுவரோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல். ஆகவே அந்தச் சுவர் எளிதில் குளிராத பொருளாக இருக்க வேண்டும். தகரத்தில் செய்தால் அதுவே குளிர்ந்துபோய்க் கண்ணாடியையும் இழுத்துக்கொண்டு போகும். நான் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள யோகா பாயில் 35 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, குழலைச் சுற்றி வரும்படி உருட்டி, விளிம்பில் வெல்க்ரோ தைத்துக்கொண்டேன். தைத்துக் கொடுத்த தையற்கடைக்காரர் இது எதற்கு என்று மூன்று முறை கேட்டார். பாயையும் தையலையும் சேர்த்து 400 ரூபாய்க்குள் முடிந்தது. உட்புறம் கறுப்பாக இருப்பது நல்லது. ஊர் விளக்குகளின் பக்கவாட்டு ஒளியையும் அது கொஞ்சம் விழுங்கிக்கொள்கிறது. இரண்டு மடங்குக்கு மேல் நீட்டினால் காற்றுக்குப் பாய்மரம்போல ஆடும். அதைச் செய்து பார்த்து விட்டுவிட்டேன்.

எனவே பட்டையை மதிப்பிடும்போது அதைத் தனியாகவும் முகப்புக் குழலோடு சேர்த்தும் பார்க்க வேண்டியிருந்தது. காணும் பொங்கல் இரவிலும் அதைச் சுற்றிய நாட்களிலும் நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். அந்த நாட்களில் இரவு பத்து மணிக்குக் காற்று 20 பாகை அளவிலும், பின்னிரவு மூன்று மணிக்கு 17 பாகை அளவிலும் இருந்தது. நெற்றி வெப்பமானி ஒரு பாகை அப்படி இப்படிக் காட்டும் கருவிதான். ஆகவே ஒன்றோடொன்று ஒப்பிட மட்டுமே அதை நம்பினேன்.

எதுவும் இல்லாமல் வைத்தபோது நாற்பத்தைந்து நிமிடம் தாக்குப்பிடித்தது. பனி படர்வது முதலில் படலமாகத் தெரியாது. பிரகாசமான விண்மீனைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் ஒன்று தோன்றும். மேகம் வந்துவிட்டதோ என்று தலையைத் தூக்கினால் வானம் பளிச்சென்றிருக்கும். அடுத்த பத்து நிமிடங்களில் ஓரியன் நெபுலா என்னும் ஒளிமுகிலின் இறக்கைகள் கரைந்துபோய், நடுவில் உள்ள நான்கு விண்மீன்கள் மட்டும் மங்கலாக நிற்கும். அப்போது சிவப்பு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் கண்ணாடி முழுவதும் தேங்காய்ப் பால் தடவியதைப் போல வெளுத்திருக்கும்.

முகப்புக் குழல் மட்டும் போட்டபோது ஏறத்தாழ நள்ளிரவு 12.40 வரை தாங்கியது. இந்த விலைக்கு இது பெரிய லாபம். காட்பாடி மாடியில், கீழே கான்கிரீட் தளமும் சுற்றி வீடுகளும் பகல் சூட்டை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருப்பதால், பெரும்பாலான இரவுகளில் குழல் மட்டுமே போதுமானதாக இருந்தது. நகர மாடியில் இரண்டு மணி நேரம் வியாழனையும் நிலவையும் பார்த்துவிட்டுத் தூங்கப்போகிறவர்கள் சூட்டுப் பட்டைக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

பட்டையை மட்டும், முகப்புக் குழல் இல்லாமல், உச்ச நிலையில் வைத்தபோது நடந்ததுதான் எனக்குப் பாடமாக அமைந்தது. கண்ணாடியின் விளிம்பை ஒட்டி இரண்டு விரற்கடை அகலத்துக்கு வளையமாகப் பளிச்சென்று தெளிவு. நடுவே, இரண்டாம் ஆடியின் தாங்கியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பனி. பட்டை கண்ணாடியைச் சூடாக்குவதில்லை; கண்ணாடியைத் தாங்கும் உலோக வளையத்தைத்தான் சூடாக்குகிறது. அங்கிருந்து வெப்பம் கண்ணாடியின் ஊடாக நடுவுக்குப் போய்ச் சேர வேண்டும். கண்ணாடியோ வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். போகும் வழியிலேயே பாதி வானத்துக்குப் போய்விடுகிறது. ‘இந்தப் பட்டை வேலை செய்யவில்லை’ என்று எழுதும் பலர் முகப்புக் குழல் இல்லாமல் கட்டியவர்களாக இருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

முகப்புக் குழலும் பட்டையும் சேர்த்து, பட்டையைக் குறைந்த நிலையில் வைத்தபோது, விடியற்காலை நாலரை மணிக்கு நான் மூட்டை கட்டும்வரை கண்ணாடி காய்ந்தே இருந்தது. களத்தில் இருந்த வைக்கோல் போர் நனைந்து, மாட்டுக் கொட்டகையின் தகரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்த நேரத்திலும், டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. நான்கு ஆண்டுகளில் முதல் முறையாக ஓர் இரவை முழுதாகப் பார்த்தேன். பணம் வீணாகவில்லை என்று சொல்ல இந்த ஒன்றே போதும்.

இனிக் குறைகள். முதலும் பெரியதுமான குறை, இந்தப் பட்டை நம் ஊருக்காகச் செய்யப்பட்டதில்லை என்பது. மூன்று நிலைகளில் ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு யூஎஸ்பி மீட்டரில் பார்த்தேன். உச்ச நிலையில் மணிக்கு 1.9 ஆம்பியர்-மணி, அதாவது 5 வோல்ட்டில் ஏறத்தாழ 9.5 வாட், நடு நிலையில் 6.5 வாட் சொச்சம். குறைந்த நிலையிலேயே 4.5 வாட். நம் தேவை எவ்வளவு? 8 அங்குலக் கண்ணாடியின் பரப்பு ஏறத்தாழ 0.032 சதுர மீட்டர். தெளிந்த இரவில் வானத்துக்குப் போகும் நிகர இழப்பை ஒரு சதுர மீட்டருக்கு 50 முதல் 100 வாட் வரை என்று வைத்துக்கொண்டாலும், முழுக் கண்ணாடியும் இழப்பது 2 அல்லது 3 வாட்தான். முகப்புக் குழல் போட்ட பின் அதிலும் சிறு பங்கு. பட்டையின் வெப்பத்தில் பெரும்பகுதி கண்ணாடிக்குப் போகாமல் அலுமினியக் குழலுக்குள் பரவிவிடுகிறது என்பதைக் கழித்துப் பார்த்தாலும், குளிர் நாடுகளின் இரவுகளுக்கு அளந்த சூடு நமக்கு அதிகம். காற்றைவிட ஒரு பாகை மேலே கண்ணாடியை நிறுத்தினால் போதும் நமக்கு. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு வாட்டும் தீங்குதான்.

அந்தத் தீங்கை வியாழனில் பார்த்தேன். ஜனவரி 10 அன்று எதிர்நிலைக்கு, அதாவது வானத்தில் சூரியனுக்கு நேர் எதிரே, வந்த வியாழன், அந்த வாரங்களில் மிதுன ராசியில், நள்ளிரவை ஒட்டி நம் தலைக்கு மிக அருகில், எண்பது பாகை உயரத்தில் நின்றது. கோள் அவ்வளவு உயரத்தில் வருவது நம் அட்சரேகையின் பாக்கியம். காற்று மண்டலத்தின் கலங்கல் அங்கே மிகக் குறைவு. ஆனால் கோளைப் பார்க்க வேண்டுமானால் குழலும் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். கண்ணாடி வானத்தின் மிகக் குளிர்ந்த பகுதியை நேருக்கு நேர் பார்க்கும். பனியும் வேகமாகப் படியும். அந்த நிலையில் 200 மடங்கு உருப்பெருக்கத்தில் பட்டையை உச்சத்துக்கு மாற்றினேன். பத்து நிமிடத்தில் வியாழனின் விளிம்பு, அடுப்பின் மேல் தெரியும் சுவர்போல் அலையத் தொடங்கியது. கோளின் வட, தென் மேகப் பட்டைகள் இரண்டும் வெறும் சாம்பல் கோடுகளாயின. அவற்றின் ஓரத்தில் அதுவரை தெரிந்த சிறு முடிச்சுகளும் வளைவுகளும் போயின. சூடான விளிம்பிலிருந்து குழலுக்குள் எழும் காற்றோட்டமே காரணம். குறைந்த நிலைக்குத் திருப்பி இருபது நிமிடம் காத்திருந்த பிறகே விவரங்கள் திரும்பின. குறைந்த நிலையிலும், 250 மடங்குக்கு மேல் போனால், பட்டை இல்லாத முதல் அரை மணி நேரத்தின் கூர்மை முழுதாக வரவில்லை என்றே என் கண் சொல்கிறது. நெபுலாக்களையும் விண்மீன் கொத்துகளையும் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

ஆகவே, கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள மூன்று நிலைகளுக்குப் பதிலாக, திருகித் திருகிக் குறைக்கக்கூடிய ஒரு குமிழ் இருந்திருந்தால் இந்தப் பொருளுக்குத் தயங்காமல் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். மின்சாரத்தை விட்டுவிட்டுத் தந்து சராசரியைக் குறைக்கும் 12 வோல்ட் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தனியாகக் கிடைக்கின்றன. அவற்றில் குமிழ் உண்டு. அவற்றோடு 12 வோல்ட் பட்டை வாங்கினால் விலை ஏறுகிறது, மின்கலமும் கனமாகிறது. வீட்டு யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய மின்கலத்தில் மொத்தம் 84 வாட்-மணி உண்டு என்றாலும், அதன் ஆயுளைக் கருதி அதில் பாதிக்கு மேல் எடுப்பது நல்லதில்லை. 10 வாட் பட்டைக்கு அது நாலு மணி நேரம்தான். பவர் பேங்கின் சௌகரியம் அதில் இல்லை.

பவர் பேங்குக்கும் ஒரு சேட்டை இருக்கிறது. என்னிடம் இருந்த பழைய 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க், பட்டை குறைந்த நிலையில் விட்டுவிட்டு மின்சாரம் இழுப்பதைப் பார்த்து, எதுவும் இணைக்கப்படவில்லை என்று முடிவுசெய்து தானாகவே அணைந்துவிட்டது. அது அணைந்ததை நான் கவனிக்கவில்லை. விண்மீன்களுக்கு ஒளிவட்டம் வந்த பிறகே தெரிந்தது. இது பட்டையின் குற்றமாகாது என்று வாதிடலாம். ஆனால் பவர் பேங்கில் ஓடும் என்று விற்பவர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும். பிறகு வாங்கிய 20,000 அளவுள்ளது அப்படிச் செய்வதில்லை. அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் மின்கலத்தின் கணக்கு; 5 வோல்ட்டில் வெளியே வரும்போது 12,000 சொச்சம்தான் கிடைக்கிறது. குறைந்த நிலைக்கு அது ஓர் இரவுக்குத் தாராளமாகப் போதும்.

அடுத்தது, முன்னே சொன்ன பழுது. ஆறாவது வாரத்தில் கம்பி பட்டைக்குள் நுழையும் இடத்தில் உறை வெடித்து இணைப்பு அறுந்தது. அந்த இடத்தில் கம்பிக்குத் தாங்கலாக எதுவும் இல்லை. தொலைநோக்கி விண்மீனோடு நகர நகரக் கம்பியின் கனம் முழுவதும் ஒரே புள்ளியில் இழுக்கிறது. விற்பனையாளருக்குப் படத்தோடு எழுதினேன். திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. காட்பாடியில் ஒரு மொபைல் பழுதுபார்க்கும் கடையில் 80 ரூபாய்க்குப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். பிரித்தபோது உள்ளே பார்த்தேன்: நெளிநெளியாகத் தைத்த மெல்லிய சூட்டுக் கம்பி, மேலே வெள்ளித் தாள், அவ்வளவுதான். இப்போது கம்பியைத் தொலைநோக்கியின் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றித் தளர்வாகவிட்டுப் பிறகே பட்டையில் இணைக்கிறேன். புதிதாக வாங்குபவர்கள் முதல் நாளிலேயே இப்படிச் செய்துவிடுவது நல்லது.

உள்ளே இருப்பது அவ்வளவுதான் என்று பார்த்ததும், நாமே செய்துகொள்ளலாமே என்ற ஆசை வரும். செய்யலாம். 330 ஓம் அரை வாட் மின்தடைகள் 25 எடுத்து, எல்லாவற்றையும் பக்க இணைப்பில் ஏணிபோல் பற்றவைத்து 12 வோல்ட் கொடுத்தால் ஏறத்தாழ 11 வாட் சூடு கிடைக்கும். சென்னை ரிச்சி தெருவில் இந்தச் சாமான்கள் நூறு ரூபாயைத் தாண்டாது. ஒவ்வொரு மின்தடையும் தன் அளவான அரை வாட்டுக்கு மிக அருகில் ஓடும் என்பதால் அதைத் துணிக்குள் பொதிந்து வைப்பதற்கு எனக்குத் துணிவில்லை. 6 வோல்ட்டில் ஓட்டினால் சூடு கால் பங்காகி 2.7 வாட் ஆகும். நான் மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் நம் ஊருக்கு அதுவே பொருத்தமான அளவு. பற்றவைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த வழியையே பரிந்துரைப்பேன். எனக்கு அந்தக் கை வரவில்லை.

தலை உலர்த்தும் கருவியால் ஊதுவதை ஒரு மாற்றாகச் சிலர் சொல்கிறார்கள். மாடியில் மின்சாரம் இருக்கிறது என்பதால் நானும் இரண்டு ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். பனி போகும், கால் மணி நேரத்தில் திரும்பும். ஊதிய பிறகு கண்ணாடி குளிர்ந்து சமநிலைக்கு வரும்வரை கோள்களைப் பார்க்க முடியாது; தூசியும் சேர்ந்து ஒட்டும். துணியால் துடைப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்: அந்தக் கண்ணாடியின் மேல் உள்ள மெல்லிய பூச்சுக்கு, அதில் ஒட்டியிருக்கும் மண்துகளே துடைப்பவர் கையில் உப்புத்தாளாகிவிடும்.

பட்டையைக் கட்டும் இடத்தைப் பற்றிப் பெட்டியில் இருந்த தாள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு படம் மட்டும் இருந்தது, அதுவும் கேமரா லென்சின் படம். கண்ணாடியைத் தாங்கும் வளையத்துக்கு உடனே பின்னால், உலோகத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டும்படி கட்ட வேண்டும். அதன் மேல் முகப்புக் குழலைச் சுற்றினால் பட்டையின் சூடு வெளியே போகாமல் பாய் தடுத்துக்கொள்கிறது. என் குழலின் சுற்றளவு 72 சென்டிமீட்டர் என்பதால் 78 சென்டிமீட்டர் பட்டை சரியாக வந்து வெல்க்ரோவுக்கும் இடம் இருந்தது. பனி படிந்த பிறகு போட்டால் பட்டைக்கு வேலை கடினம். முழுதாக வெளுத்த கண்ணாடியைத் தெளியவைக்க உச்ச நிலையில் இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. ஆகவே, தொலைநோக்கியை வெளியே வைத்து அது காற்றின் வெப்பநிலைக்கு வந்ததும் குறைந்த நிலையில் போட்டுவிடுகிறேன். உச்ச நிலைக்கு இந்த ஒரு பயன்தான் உண்டு.

ஒரே பட்டைதான் தருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய கண்ணாடி தப்பித்ததும் பனி ஃபைண்டரின், அதாவது குறிபார்க்க உதவும் சிறு தொலைநோக்கியின், மேல் கையை வைக்கிறது. அதற்குப் பழைய நீர்ப்புட்டி உறையில் ஒரு சிறு முகப்புக் குழல் செய்து சமாளிக்கிறேன். கண்ணருகு வில்லைகள் நம் மூச்சாலும் கண்ணின் ஈரத்தாலும் மங்குபவை. பயன்படுத்தாதவற்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தால் போதும், அதற்கெல்லாம் பட்டை தேவையில்லை. 80 மில்லிமீட்டர் அளவிலான ஒளிவிலகல் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு முகப்புக் குழல் கூடவே வந்திருக்கும். அவர்கள் முதலில் அதை நீட்டிப் பார்க்கட்டும். நியூட்டன் வகை வைத்திருப்பவர்களுக்கு மேலே உள்ள சிறிய இரண்டாம் ஆடிதான் மங்கும். இந்தப் பட்டை அதற்குப் பொருந்தாது.

ஆலங்காயத்திலிருந்து மலை ஏறினால் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், அதே ஜவ்வாது மலையின் ஈரத்தில்தான் அதுவும் நிற்கிறது. பெரிய தொலைநோக்கிகளுக்குக் குவிமாடமே முகப்புக் குழல். வானத்தின் ஒரு பிளவு மட்டுமே ஆடிக்குத் தெரியும், ஈரப்பதம் எல்லை மீறினால் அதையும் மூடிவிடுவது உலகெங்கும் வழக்கம். யோகா பாயைச் சுற்றிக்கொண்டு நிற்கும் என் தொலைநோக்கியைக் கேலி செய்பவர்களுக்கு இதைச் சொல்லுவது உண்டு.

இரவு முடிந்த பின் செய்யும் ஒரு காரியத்தையும் சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் பட்டை இருக்கிறது என்ற தைரியத்தில் நான் இதில் ஒரு முறை கவனக்குறைவாக இருந்துவிட்டேன். கண்ணாடி காய்ந்திருந்தாலும் குழலின் வெளிப்புறமும் தாங்கியும் நனைந்தே இருக்கும். மூடியைப் போட்டுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் அந்த ஈரம் உள்ளேயே இருந்து, நம் ஊரின் வெப்பத்தில் சில வாரங்களுக்குள் கண்ணாடியில் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். வீட்டுக்குள் கொண்டுவந்து, வாய் சற்றுக் கீழே சாய்ந்திருக்கும்படி வைத்து, மின்விசிறியின் காற்று நேராகப் படாமல் அறையில் ஓடவிட்டு, முழுதாக உலர்ந்த பிறகே மூட வேண்டும். பெட்டியில் நீல நிறச் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வைத்திருக்கிறேன்; இளஞ்சிவப்பாக மாறினால் சூடாக்கி உலர்த்திக்கொள்ளலாம்.

இப்போது பங்குனி. வேலூரில் இரவிலும் வியர்க்கத் தொடங்கிவிட்டது. பட்டை அலமாரிக்குப் போய்விட்டது. வெல்க்ரோவின் கொக்கிகளில் பாதி யோகா பாயின் நார்களால் அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஐப்பசி மழை முடிந்து அடுத்த முறை எடுப்பதற்குள் அதைத் தையற்கடையில் கொடுத்து மாற்ற வேண்டும்.